வைன் மெதுவா, அதுக்குக் கீழே இருக்கிற தரை மெதுவா?

"அண்ணே, லினக்ஸ் போட்டுக் குடுத்தீங்க, சரி. கிரிக்கெட் 07 திக்கித் திக்கி ஓடுதே. விண்டோஸ்ல நல்லாத்தான ஓடுச்சு?"

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக வேண்டுமானால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும். அதற்கு முந்தைய கணினிகளையெல்லாம் என்ன செய்வது என்றால், "லினக்ஸ் போடு" என்பதுதான் பதில். உலக அளவில் 'எண்ட் ஆஃப் 10' என்று ஒரு பிரச்சாரமே நடக்கிறது. பிரவுசருக்கும் கடிதம் தட்டுவதற்கும் படம் பார்ப்பதற்கும் அது நல்ல பதில்தான். விளையாட்டு என்று வரும்போது அந்தப் பதில் கொஞ்சம் முழிக்கிறது. அப்போது வழக்கமாகச் சொல்லப்படுவது மூன்று.

ஒன்று, "வைன்னா எமுலேட்டர்தானே, மெதுவாத்தான் இருக்கும்." இரண்டு, "இல்லப்பா, இப்பல்லாம் லினக்ஸ்லதான் விண்டோஸ விட வேகமா ஓடுது, உன் செட்டிங் தப்பு." மூன்று, "லேப்டாப் பழசு, மாத்து."

மூன்றுமே கேட்டவனை வாயடைக்க உதவும். எதுவும் கேள்விக்குப் பதில் இல்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடைக்காரரும் துபாஷியும்

வைன் 1993-இல் தொடங்கிய திட்டம். 'வைன் எமுலேட்டர் அல்ல' என்பதுதான் அந்தப் பெயரின் விரிவாக்கமே. இதை நம்ம ஊர்க் கணக்கில் சொல்லலாம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று இரண்டும் பேசுகிறவர்கள் கரிசல் காட்டில் ஏராளம். கடைக்கு வந்தவர் தெலுங்கில் உளுந்து விலை கேட்டால், தெலுங்கு தெரிந்த கடைக்காரர் தெலுங்கிலேயே பதில் சொல்லிவிடுவார். நடுவில் ஒரு துபாஷி நின்று ஒவ்வொரு வார்த்தையாக மாற்ற வேண்டியதில்லை. எமுலேட்டர் என்பது துபாஷி. வைன் அந்தக் கடைக்காரர். விண்டோஸ் நிரல் "இந்தக் கோப்பைத் திற" என்று விண்டோஸ் பாஷையில் கேட்கிறது. வைன் அதே பாஷையைப் புரிந்துகொண்டு லினக்ஸ் கிட்டங்கியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நிரலின் கணக்குப் போடும் பகுதி அப்படியே நேராகச் செயலியில் ஓடுகிறது. அங்கே பெரிய இழப்பு கிடையாது.

ஆனால் விளையாட்டில் ஓர் இடத்தில் மட்டும் துபாஷி வந்துவிடுகிறார். அதுதான் படம் வரைகிற இடம். விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் டைரக்ட்3டி என்ற பாஷையில் வரைகலைச் சில்லுடன் பேசும். லினக்ஸில் அந்தச் சில்லுக்குத் தெரிந்தது ஓபன்ஜிஎல், வல்கன் என்ற இரண்டும்தான். ஆகவே டைரக்ட்3டி கட்டளைகளையும், அவற்றோடு வரும் 'ஷேடர்' என்ற குட்டி நிரல்களையும் மொழிபெயர்த்தே ஆக வேண்டும். வைனுக்குள்ளேயே இருக்கும் பழைய துபாஷி வைன்டி3டி. அது ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றும். 2018-இல் வந்த புதிய துபாஷி டிஎக்ஸ்விகே. அது வல்கனுக்கு மாற்றும். அதே 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைன், டிஎக்ஸ்விகே இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கட்டி 'புரோட்டான்' என்று ஸ்டீமுக்குள் வைத்தது.

ஆக, முதல் பதில் பாதி தப்பு. மெதுவாவது மொத்த வைனும் இல்லை, பெரும்பாலும் இந்த ஒரு மொழிபெயர்ப்பு. அதுவும் எந்தத் துபாஷி கிடைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

நகர்ந்துபோன தரை

இரண்டாவது பதில் இன்னும் சுவாரசியமானது. ஏனென்றால் அது பொய் இல்லை. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி 2022 பிப்ரவரியில் வந்தது. லினக்ஸில் ஓடுகிறது, ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுகிறது. ஸ்டீம் நடத்தும் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் 3 சதவீதத்தைத் தாண்டியது. சில விளையாட்டுகள் விண்டோஸை விட இங்கே சீராக ஓடுகின்றன என்பதும் உண்மை.

ஆனால் அந்த வெற்றிக்குக் கீழே இருக்கும் வன்பொருளைப் பாருங்கள். ஸ்டீம் டெக்கில் இருப்பது ஏஎம்டியின் ஜென் 2 செயலி, ஆர்டிஎன்ஏ 2 வரைகலை, 16 ஜிபி நினைவகம். நம்ம கையில் இருப்பது? 2011, 2012 வாக்கில் மலிவு மடிக்கணினி என்றால் பெரும்பாலும் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறை. கூடவே சுழலும் ஹார்ட் டிஸ்க், 2 ஜிபியோ 4 ஜிபியோ ராம். சாண்டி பிரிட்ஜ் வரைகலைக்கு லினக்ஸில் வல்கன் ஓட்டியே கிடையாது. ஓபன்ஜிஎல் 3.3 வரைக்கும்தான். அடுத்து வந்த ஐவி பிரிட்ஜ், ஹாஸ்வெல் இரண்டுக்கும் வல்கன் ஒப்புக்கு உண்டு. ஆனால் ஓட்டியே தொடங்கும்போது "ஆதரவு முழுமையில்லை" என்று ஓர் எச்சரிக்கையை அச்சடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.

இதற்கு மேல்தான் கதை. டிஎக்ஸ்விகே 2.0 பதிப்பு 2022 நவம்பரில் வந்தது. அதிலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: விளையாட்டின் நடுவில் ஷேடர் மொழிபெயர்ப்புக்காகப் படம் நின்று நின்று வரும் தொந்தரவைக் குறைக்க, புதிய ஓட்டிகளில் மட்டும் கிடைக்கும் வசதிகள் வேண்டும். டெக் வைத்திருப்பவனுக்கு இதனால் விளையாட்டு சீரானது. பழைய சில்லு வைத்திருப்பவனுக்குத் துபாஷி வேலையை விட்டுப் போய்விட்டார். அவனுக்கு மிச்சம் டிஎக்ஸ்விகே 1.10 வரிசை, இல்லையென்றால் வைன்டி3டி.

வைன்டி3டியாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? அங்கேயும் ஒரு முடிச்சு. நம்ம பையன்கள் இன்னும் விளையாடுவது 2000-களின் விளையாட்டுகள்: ஐஜிஐ, வைஸ் சிட்டி, மோஸ்ட் வாண்டட், கிரிக்கெட் 07. கிரிக்கெட் 07 வந்தது 2006 நவம்பரில். அதற்குப் பிறகு இஏ நிறுவனம் கிரிக்கெட் விளையாட்டே போடவில்லை. இவை எல்லாம் 32-பிட் நிரல்கள். இன்றைய லினக்ஸ் 64-பிட். 32-பிட் நிரலுக்கு 32-பிட் வரைகலை நூலகங்களைத் தனியாக நிறுவ வேண்டும். அந்தச் சுமையைத் தவிர்க்க வைன் 9.0, 2024 ஜனவரியில், 64-பிட் நூலகங்களை வைத்தே 32-பிட் நிரலை ஓட்டும் ஒரு புதிய முறையை ஓரளவு முழுமையாகக் கொண்டுவந்தது. ஆனால் அந்த முறையில் ஓபன்ஜிஎல் வேகம் குறையும் என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே சொன்னது. வல்கன் இருப்பவனுக்கு இது பொருட்டே இல்லை. ஓபன்ஜிஎல்லை மட்டும் நம்பி இருப்பவன் யார்? பழைய சில்லுக்காரன்தான்.

இன்னொரு உதாரணம். மேசா என்ற வரைகலை ஓட்டித் தொகுப்பில் 'கேலியம் நைன்' என்று ஒன்று இருந்தது. டைரக்ட்3டி 9-ஐ மொழிபெயர்க்காமல் நேராகவே பேசும். அதாவது அந்த இடத்திலும் துபாஷி இல்லாமல் கடைக்காரரே பேசிவிடுவார். பழைய ரேடியான் சில்லுகளில் நன்றாக ஓடியது. டிஎக்ஸ்விகே வந்த பிறகு அதைக் கவனிக்க ஆள் குறைந்து, 2025-இல் மேசாவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இந்த முடிவுகளில் எதையும் தனித்தனியாகக் குறை சொல்ல முடியாது. பராமரிக்க ஆள் இல்லாத நிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்தப் பொருத்த அடுக்கு மொத்தத்தில் வேகமாகிக்கொண்டே வருகிறது, அதே நேரம் அதன் தரை மேலே மேலே நகர்ந்துகொண்டே இருக்கிறது. காசு கொடுத்து வளர்க்கும் நிறுவனத்திடம் எந்தக் கருவி இருக்கிறதோ அதை நோக்கித்தான் நகரும். இதில் சதி ஒன்றும் இல்லை. ஆனால் "லினக்ஸ் பழைய கணினிக்கு உயிர் கொடுக்கும்" என்று ஒரு வாயும், "லினக்ஸில் விளையாட்டு அருமையாக ஓடும்" என்று இன்னொரு வாயும் சொல்லும்போது, கேட்கிறவன் இரண்டையும் கூட்டி "பழைய கணினியிலும் விளையாட்டு அருமையாக ஓடும்" என்று எடுத்துக்கொள்கிறான். அப்படி யாரும் சொல்லவில்லைதான். அப்படி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

பிளாட்டினம் கொடுப்பது யார்?

புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் உண்டு. பயனுள்ள தளம். ஒவ்வொரு அறிக்கைக்குள்ளும் போனால் எழுதியவரின் சில்லு, ஓட்டி விவரமும் இருக்கும். ஆனால் முகப்பில் தெரிவது கூட்டிக் கழித்த ஒரே பதக்கம். அறிக்கை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நல்ல கணினி வைத்திருப்பவர்கள். விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி, ஸ்டீமில் ஓட்டி, உட்கார்ந்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக்கூடியவர்கள். நஞ்சையில் விளைந்த விளைச்சலை வைத்து மானாவாரிக் காட்டுக்கு மகசூல் சொன்ன மாதிரிதான் இது. விதை அதேதான், மண்ணும் தண்ணீரும் வேற.

போதாததற்கு நம்ம பட்டியலில் உள்ள கிரிக்கெட் 07 ஸ்டீமில் விற்கப்படுவதே இல்லை. அதற்குப் பதக்கமும் இல்லை, வால்வ் கொடுக்கும் முன்மொழிபெயர்த்த ஷேடர் சேமிப்பும் இல்லை. பையன் எதை நம்பித் தேட வேண்டும் என்பதே தெரியாது.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். வேலரண்ட் லினக்ஸில் ஓடாது. ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பர் வரை ஓடிக்கொண்டிருந்தது. பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பைச் சேர்த்ததும் நின்றது. இவை வேகப் பிரச்சினை இல்லை. தயாரிப்பாளர் கதவைச் சாத்தியிருக்கிறார், அவ்வளவுதான். இதற்கு வைனைத் திட்டிப் பயனில்லை, புதுக் கணினி வாங்கியும் பயனில்லை.

வெயில் எந்த வரைபடத்திலும் இல்லை

மூன்றாவது பதில், "லேப்டாப் பழசு". பழசுதான், யார் இல்லை என்றது? ஆனால் அதே பழசில் விண்டோஸில் அதே விளையாட்டு ஓடியது. விண்டோஸில் இன்டெல் எழுதிய டைரக்ட்3டி ஓட்டி நேராகப் பேசியது. இங்கே இடையில் ஒரு படி கூடியிருக்கிறது. ஏற்கெனவே மூச்சு வாங்குகிற செயலிக்கு அந்த ஒரு படி அதிகம். பழசு என்பது உண்மையான காரணத்தில் பாதி, மறுபாதி அந்தக் கூடுதல் படி.

இதோடு சேர்வது சூடு. இணையத்தில் வரும் வேகச் சோதனைகள் எந்த அறையில் நடக்கின்றன? குளிர்பதன அறையிலோ, குளிர்நாட்டு வீட்டிலோ. சித்திரை மத்தியானம் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே கணினி உள்ளிழுக்கும் காற்றே 38, 40 டிகிரி. பத்து வருஷக் கரிசல் புழுதி விசிறியில் அப்பியிருக்கும், சில்லுக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவில் தடவிய பசை காய்ந்து பொருக்காகியிருக்கும். செயலி 95, 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். மொழிபெயர்ப்பு வேலை கூடுதலாக இருப்பதால் லினக்ஸில் அந்த எல்லையைச் சீக்கிரம் தொடும். பையன் பார்ப்பது, "முதல் ரெண்டு ஓவர் நல்லா இருந்துச்சு, அப்புறம் இழுக்குது." வைன்மேல் பழி விழும். செலவு செய்ய வேண்டியது ஒரு பிரஷ்ஷுக்கும் ஒரு டியூப் பசைக்கும்.

பிரித்துப் பார்க்க

ஆகவே "மெதுவா இருக்கு" என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது நாலு வேறு வேறு நோய் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமலே ஓரளவு பிரித்துவிடலாம்.

ஆரம்பத் திரையிலிருந்தே எல்லாம் ஸ்லைடு ஷோ மாதிரி நகர்ந்தால், வரைகலைச் சில்லு வேலையே செய்யவில்லை என்று சந்தேகப்படுங்கள். 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையை ஓட்டினால் வரைபவர் பெயர் வரும். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் படம் முழுவதையும் செயலியே கையால் வரைந்துகொண்டிருக்கிறது. ஓட்டி இல்லை, அல்லது கெர்னல் பழசு. பெயர் சரியாக வந்தாலும் விளையாட்டு மட்டும் அப்படி நகர்ந்தால் 32-பிட் நூலகம் விட்டுப்போயிருக்கலாம்.

புதிய இடம், புதிய வெடிப்பு, புதிய மைதானம் வரும்போது மட்டும் ஒரு கணம் நின்று, இரண்டாம் முறை அதே இடத்தில் நிற்காமல் போனால், அது ஷேடர் மொழிபெயர்ப்பு. கொஞ்சம் விளையாடினால் தானாகக் குறையும். பொறுமைதான் மருந்து.

முதல் அஞ்சு நிமிஷம் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் இழுத்தால், சூடு. ராத்திரி மொட்டை மாடியில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் விஷயம் முடிந்தது.

விட்டு விட்டு நின்று, ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் ராம் போதவில்லை. பிரவுசரை மூடிவிட்டு ஓட்டுங்கள். 8 ஜிபி ஆக்க முடிந்தால் ஒரே கம்பியாகப் போடாமல் இரண்டு 4 ஜிபியாகப் போடுங்கள். இந்தச் சில்லுகளில் வரைகலைக்கென்று தனி நினைவகம் கிடையாது. இரண்டு வழியில் நினைவகம் கிடைத்தால் படம் வரைவது கண்ணுக்குத் தெரிகிற அளவு வேகமாகும்.

இந்த நாலும் இல்லை, சாண்டி பிரிட்ஜ் சில்லு, டைரக்ட்எக்ஸ் 10, 11 விளையாட்டு என்றால், "இது இதில் ஓடாது தம்பி" என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

இலவச மடிக்கணினியும் இதே கேள்வியும்

இது வெறும் விளையாட்டு விஷயமா? தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாகக் கொள்முதல். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பல கணினிகளில் சேர்ந்தே வந்தது. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கரிசல் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் கணினியும் அதுதான், லினக்ஸ் என்ற பெயரை முதலில் பார்த்ததும் அதில்தான். அதில் லினக்ஸை ஒருமுறை திறந்து பார்த்தவன் முதலில் என்ன செய்து பார்த்திருப்பான்? விரிதாளா திறந்திருப்பான்? நண்பனிடம் பென்டிரைவில் வாங்கிய விளையாட்டைச் சொடுக்கிப் பார்த்திருப்பான். ஓடவில்லை, அல்லது திக்கியது. அடுத்த வாரம் பாஸ் இருந்த பகுதி அழிக்கப்பட்டு அங்கே படம் ஏறியிருக்கும். நான் பிரித்துப் பார்த்த பழைய அரசு மடிக்கணினிகளில் பாஸ் மிச்சமிருந்தது மிகச் சொற்பம். ஒரு இயங்குதளத்தைப் பற்றி ஒரு தலைமுறை எடுத்த முடிவு அந்த ஒரு சொடுக்கில் தீர்மானமாகியிருக்கிறது. பிறகு எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் அதை மாற்றுவது கஷ்டம்.

இப்போது திரும்பவும் அதே வாசலில் நிற்கிறோம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தருவதாக அறிவித்தார்கள். புதிய சில்லு என்றால் வல்கன் 1.3 தானாகவே இருக்கும், தரைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எதிர்ப்பக்கச் சிக்கல் ஒன்று உண்டு: சில்லு புதுசாக இருந்து, மேலே போடும் லினக்ஸின் கெர்னலும் மேசாவும் இரண்டு மூன்று வருஷம் பழசாக இருந்தால், ஓட்டிக்குச் சில்லை அடையாளமே தெரியாது. மறுபடியும் எல்எல்விஎம்பைப், மறுபடியும் ஸ்லைடு ஷோ. விண்டோஸ் நிரல்களின் ஒத்திசைவு வேலையை வேகமாக்கும் என்டிசிங்க், 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14 கெர்னலில்தான் சேர்ந்தது. பழைய கெர்னலில் அது கிடைக்காது. அங்கே பழைய சில்லின்மேல் புதிய அடுக்கு, இங்கே புதிய சில்லின்மேல் பழைய தளம். இரண்டிலும் திட்டு வாங்குவது வைன்.

என் முடிவு

வைனும் டிஎக்ஸ்விகேயும் பெரிய சாதனைகள். முப்பது வருஷத்துக்கு மேலாக, ஆவணம் சரியாக இல்லாத ஒரு இயங்குதளத்தை வெளியிலிருந்து பார்த்தே திரும்ப எழுதியிருக்கிறார்கள். என் விமர்சனம் அவர்கள்மேல் குறைவு, அந்தச் சாதனையை நம்ம ஊரில் விற்கிற முறைமேல் அதிகம். லினக்ஸ் பரப்புகிறவர்கள் "எல்லாம் ஓடும்" என்று சொல்லும்முன் "என்ன சில்லு?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

இரண்டாவது, பொருத்த அடுக்கே தேவைப்படாத விளையாட்டுகளை முதலில் காட்ட வேண்டும். சூப்பர்டக்ஸ்கார்ட் பழைய கணினியிலும் ஓடும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் பிடித்தவனுக்கு 0 ஏ.டி. இருக்கிறது; 2025 ஜனவரியில் வந்த அதன் 27-ஆம் வெளியீட்டுக்குப் பெயரே 'அக்னி'. ஓபன்டிடிடி சாண்டி பிரிட்ஜை விடப் பழைய கணினியிலும் ஓடும். இவை கிரிக்கெட் 07-க்கு ஈடாகாது, அது எனக்கும் தெரியும். கிரிக்கெட்டுக்கு அந்த மாதிரி ஒரு திறந்த மூல விளையாட்டு இல்லை என்பது இந்தியாவில் இத்தனை நிரலாளர்கள் இருந்தும் நாம் செய்யாமல் விட்ட வேலை.

மூன்றாவது, அடுத்த மடிக்கணினி விநியோகத்தில் லினக்ஸ் சேர்க்கப்படுமானால், கொள்முதல் செய்பவர்கள் ஒரு விளையாட்டையாவது அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒப்புதல் தர வேண்டும். கேலியாகத் தோன்றலாம். ஆனால் வரைகலை ஓட்டி, கெர்னல், 32-பிட் நூலகம், நினைவகம், சூடு இந்த அஞ்சையும் ஒரே நேரத்தில் சோதிக்க, மே மாதம் கோவில்பட்டியில் அரை மணி நேரம் ஒரு விண்டோஸ் விளையாட்டை வைனில் ஓட்டுவதைவிட மலிவான பரிசோதனை எனக்குத் தெரிந்து இல்லை.